நாதம் கேட்டவர்கள்

நாத நிலையம்,
அரியாங்குப்பம்,
8.6.2006

பாக்கியத்துக்கு,

நலம். நீயும் தீபாவும் நலமா? சாரத்துக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவே ஒரு பஸ் தூரம், அதற்குப் போய்க் கடிதமா என்று நீ கேட்பாய். இங்கே தீட்சை வாங்கித் தங்கியிருப்பவர்கள் குரு பூர்ணிமா வரை மௌனம். போனும் கூடாது. வீட்டு ஆட்கள் வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். எழுதுவதற்குத் தடையில்லை. யூனியனுக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை, அதனால் எனக்கு இதில் சிரமமும் இல்லை.

கலியபெருமாள் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று தெருவில் பேசுவார்கள். கோபமும்தான். தீபாவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்த முகமாக ஏதோ கேட்டார். நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். அவர்கள் போனதும் நீயும் தீபாவும் என்மேல் பாய்ந்தீர்கள். பெண்ணைப் பெற்றவன் தலையாட்டாமல் சண்டையா போடுவான்? இருக்கட்டும், அதை விட்டுவிட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. மில் மூடி நான் வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து என் காதுக்குள் ஒரு சத்தம். ஊர் அடங்கினால் அது எழுந்துவிடும். மெல்லிய கம்பியை இழுத்துப் பிடித்து மீட்டிக்கொண்டே இருப்பதுபோல, நிற்காமல். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. நம் சாரத்து மைதானத்தில் குருநாதர் பேச வந்தாரே, அன்று மேடையிலிருந்து கேட்டார்: "எல்லாம் அடங்குனப்புறம் உள்ள ஒரு ஓசை கேக்குதா? அதாம்பா நாதம். அது கேட்டவனுக்குப் பாதி வேல முடிஞ்சிபோச்சி." அத்தனை கூட்டத்தில் அவர் என்னிடம் மட்டும் பேசியதுபோல இருந்தது. மற்றவர்கள் மூன்று அமர்வு உட்கார்ந்து தேடுவதை நான் வரும்போதே கொண்டுவந்துவிட்டேன் என்கிறார். பூர்வ ஜென்மப் பலனாம்.

எனக்குப் பைத்தியம் இல்லை, பாக்கியம். அது போதும் எனக்கு. மூக்குக் கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன், அனுப்பி வை.

கலியபெருமாள்


சாரம்,
11.6.2006

தீபா அப்பாவுக்கு,

கண்ணாடி வந்து சேர்ந்திருக்கும். கூடவே இரண்டு பனியன் வைத்தேன். ஞானம் வந்தவருக்கும் வேர்க்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மைக்செட் சாமியின் நோட்டீஸ் நம் தெரு மின்கம்பத்தில் இன்னும் தொங்குகிறது. "மூன்றே அமர்வில் நாதம், நாதத்திலிருந்து ஞானம்" என்று போட்டிருக்கிறது. இட்லிக்கு மாவு புளிக்கவே ஒரு ராத்திரி ஆகிறது. இவ்வளவு அவசரமாக ஞானம் வந்து யாருக்கு என்ன ஆகப்போகிறதோ.

மாப்பிள்ளையின் அப்பா ஏதோ கேட்டார் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அவர் கேட்டது இதுதான்: "பொண்ணு படிப்ப இத்தோட நிறுத்திக்கலாங்களா? எங்க வூட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்ல." நீங்கள் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினீர்கள். தீபா உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்புக்கு இன்னும் ஒரே வருஷம். நம் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். ஓவர்டைம் பார்த்து அவளைப் படிக்க வைத்த மனிதர் ஒரு தலையாட்டலில் அதை முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. அந்த இடத்தை நான்தான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு மட்டுமா? மில் மூடியதிலிருந்தே எதைச் சொன்னாலும் உங்களுக்கு ஒரு "ம்". கூரை ஒழுகுகிறது என்றாலும் "ம்". எனக்குக் காய்ச்சல் என்றாலும் "ம்". நான் பேசுவது கேட்கத் தகுந்ததாக உங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காதுக்குள் கேட்கிற கம்பிக்கு இருக்கிற மரியாதை கட்டின பெண்டாட்டிக்கு இல்லை.

சத்தத்தைப் பற்றி என்னிடம் ஏன் சொல்லவில்லை? உங்களைப் பைத்தியம் என்றா சொல்லியிருப்பேன்?

பாக்கியலட்சுமி


நாத நிலையம்,
17.6.2006

பாக்கியத்துக்கு,

அவர் அப்படிக் கேட்கவே இல்லை. நல்ல நாள் பார்க்கலாமா என்றுதான் கேட்டார். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ அடுக்களை வாசலில் நின்றாய். உனக்குக் கேட்டது எனக்குக் கேட்காதா? அந்தப் பேச்சு இனி வேண்டாம்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். குருநாதர் என்னை இங்கே மேடையில் ஏற்றிக் காட்டியதைக் கேள்விப்பட்டு, மில்லில் என் பக்கத்துத் தறி ராஜவேலும் நம் தறி செட் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கண்ணை மூடி, கட்டைவிரலால் காதை அடைத்து உட்காரச் சொன்னார்கள். முதல் அமர்விலேயே ராஜவேல் அழ ஆரம்பித்துவிட்டான். "கேக்குதுப்பா, எனக்கும் கேக்குது!" என்று கத்தினான். அடுத்தடுத்து நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த டாக்டர் வீட்டு அம்மாள், பேராசிரியர், பாரிஸிலிருந்து வந்த வெள்ளைக்காரி என்று ஒருத்தருக்கும் கேட்கவில்லை. எவ்வளவோ செலவு செய்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள். உழைத்தவன் மனசு சுத்தமானது, அதனால்தான் தொழிலாளிக்கு முதலில் திறக்கிறது என்று குருநாதர் சொன்னார். இதையே நான் எத்தனை கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

டைம் ஆபீஸ் சக்கரபாணியை உனக்குத் தெரியும். சங்கு ஊதி மூச்சு விடுவதற்குள் கேட்டைச் சாத்தி நம் அரை நாள் கூலியை வெட்டுவாரே, அவரேதான். அவரும் இங்கே வருகிறார். பாவம், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிறு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார், பாக்கியம். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

மௌனம் நமக்குப் பெரிய கஷ்டமாகவும் இல்லை. தறி ஓடும்போது யாருக்கு யார் பேச்சு கேட்டது? சைகையில்தானே பேசிக்கொண்டோம். ராஜவேல் வந்தால் தூரத்திலிருந்தே கையைக் காட்டி ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுகிறோம். அதைக் குருநாதர் பார்த்துவிட்டு, இதெல்லாம் சித்தர்களின் முத்திரை, ஞானம் வந்தவன் கையில் தானாக வரும் என்று கூட்டத்தில் சொன்னார். ராஜவேல் அப்போது காட்டிக்கொண்டிருந்தது, "டீ குடிச்சியா?" என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

கலியபெருமாள்


சாரம்,
20.6.2006

தீபா அப்பாவுக்கு,

ராஜவேல் அண்ணன் கடிதத்தோடு வந்து, வாசலில் நின்றே என்னை ஆசீர்வாதம் செய்தார். சிரிப்பை அடக்க நான் படாத பாடு பட்டேன்.

டீ குடிச்சியா என்பது முத்திரை என்றால் நம் கல்யாணத்தில் அவர் காட்டியதும் முத்திரைதான். என் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துரை என்று நிறுத்தாமல் பேசினாரே, நினைவிருக்கிறதா? பந்தலின் கடைசியில் நின்ற அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறியாகச் சேர்த்து, விரித்துக் கீழே விட்டார். மெயினை அணைச்சாச்சு, ஷிப்ட் முடிஞ்சது, வீட்டுக்குப் போ என்று அர்த்தம் என்று நீங்கள்தான் என் காதில் சொன்னீர்கள். மணமேடையில் நான் சிரித்துவிட்டேன், அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சக்கரபாணி உங்கள் காலைத் தொட்டதைப் படித்தபோது எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. கேண்டீன் செல்வாம்பாளும் அங்கே வந்து பார்த்தாளாம். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். ஸ்டிரைக் நடந்தபோது கணக்குப் பார்க்காமல் உங்கள் அத்தனை பேருக்கும் கஞ்சி ஊற்றினவள். அவள் மனசு சுத்தமில்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? சாயப் பிரிவு ஆட்களுக்கும் கேட்கவில்லை என்று அண்ணனே சொன்னார். அவர்களும் உழைத்தவர்கள்தானே? தறி செட்டுக்குள் நின்றவனுக்கு மட்டும் சாமி கேட்பானேன்?

எனக்கு விடை தெரியாது. தெரியாமல்தான் கேட்கிறேன். நீங்கள் எதையும் கேள்வி கேட்காமல் விடாத ஆள். அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

பாக்கியலட்சுமி


நாத நிலையம்,
25.6.2006

பாக்கியத்துக்கு,

உனக்குப் பொறுக்கவில்லை. மில் மூடிய பிறகு என்னை யார் மதித்தார்கள் சொல்? ரேஷன் கடை வரிசையில் நின்றால் "ஓரமா நில்லு பெருசு" என்கிறான். வாட்ச்மேன் வேலைக்குப் போனால் வயசாகிவிட்டது என்கிறான். இங்கே ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அதையும் தோண்டிப் பார்க்க வேண்டுமா? செல்வாம்பாளுக்கு ஏன் கேட்கவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? நேரம் வரவில்லையாக இருக்கும்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட மனம் இல்லை, இப்படியே அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கும் சரியாகப் படவில்லை. தையல்நாயகி என்று நெல்லித்தோப்பு அம்மாள் ஒருத்தி வருகிறாள். ஒரே மகன், பைக் விபத்தில் போய்விட்டான். எல்லா அமர்விலும் முதலில் வந்து உட்காருகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. பாவம் கெட்டியாக இருக்கிறது, அதனால்தான் மகனும் போனான் என்று குருநாதர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து, "சாமி, நான் இன்னா பாவம் பண்ணேன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். நான் மௌனத்தில் இருந்தேன். மௌனம் இல்லாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கலியபெருமாள்


சாரம்,
30.6.2006

தீபா அப்பாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாள் கிழித்துவிட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை நெல்லித்தோப்பு சிக்னலில் ராஜவேல் அண்ணன் பஸ்ஸில் அடிபட இருந்தார். பின்னால் வந்த டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தும் இவர் திரும்பவில்லையாம். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பார்வதி அண்ணி அழுதுகொண்டே போன் செய்தாள். நானும் அவளும் அவரைப் பெரியாஸ்பத்திரி காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

சின்ன வயசு டாக்டர். காதில் விளக்குப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "ஐயா, மில்லுல தறி ஓட்னீங்களா?" அண்ணன் ஆமாம் என்றார். "ராத்திரி படுத்தா உள்ள ஒய்ங்னு ஒரு சத்தம் கேக்குதா? விரலால அடைச்சா இன்னும் அதிகமாவுதா?" அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இது உங்களுக்கு எப்படித் தெரியும், உங்களுக்கும் தீட்சை ஆகிவிட்டதா என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. வருஷக்கணக்கில் அந்த இரைச்சலில் நின்றால் உள்காதின் நரம்பு நைந்துபோகுமாம். நைந்துபோன காது தானே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளுமாம். மில் ஓடும்வரை அந்தப் பெரிய சத்தத்தில் இது தெரியாது. மில் நின்றதும் வெளியே வரும். தறி செட் ஆட்கள் இப்படி நிறையப் பேர் தன்னிடம் வருகிறார்கள் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். சத்தம் மட்டும் இல்லை, கேட்கும் சக்தியும் குறைந்துபோகுமாம். மெதுவாகப் பேசுகிற குரல், புது ஆள் பேச்சு, நாலு பேர் நடுவில் பேசுவது எல்லாம் பிடிபடாதாம். பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு, கேட்டதுபோலத் தலையாட்டிச் சமாளிப்பார்களாம்.

நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக உங்கள் "ம்"மைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன். என்னை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நம் வீட்டில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசி, தெருவே நம்மைச் சண்டைக்காரக் குடும்பம் என்று சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மெல்லிய குரல். அவர் கேட்டது உங்களுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதானே?

உங்கள் சாமியை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு ஆசையில்லை. பைத்தியம் என்று பயந்தவருக்கு அவர் ஒரு தைரியம் கொடுத்தார், அதை நான் மறக்க மாட்டேன். ராஜவேல் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, "டாக்டர் சொன்னது இருக்கட்டும் தங்கச்சி, ஒண்ணுமில்லாதவனுக்கு இது ஒண்ணாவது இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே போகிறார். நீங்களும் அப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தத் தையல்நாயகி அம்மாள் உங்களைப் பார்த்துத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

பாக்கியம்


நாத நிலையம்,
4.7.2006

பாக்கியத்துக்கு,

டாக்டருக்குக் காது தெரியும். நாதம் தெரியாது. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டது உண்மையிலேயே அதுதானா? தீபாவைக் கேட்டு எழுது. இதற்கு மட்டும் பதில் போடு.

கலியபெருமாள்


சாரம்,
6.7.2006

எழுத வேண்டாம் என்றதால் பதில் மட்டும். அதுதான் கேட்டார்.

கீழே தீபா எழுதுகிறாள்.

அப்பா, அவர் கேட்டு முடித்ததும் நீங்கள் அவர் வாயையே பார்த்தீர்கள். அப்புறம் அம்மாவைப் பார்த்தீர்கள். அப்புறம்தான் சிரித்துத் தலையாட்டினீர்கள். அது அன்றைக்கே என் கண்ணில் பட்டது. கோபத்தில் யோசிக்கவில்லை. நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வாங்கப்பா.


நெல்லித்தோப்பு,
12.7.2006

பாக்கியத்துக்கு,

ராஜவேல் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நேற்றே அங்கிருந்து வந்துவிட்டேன். நேராக வீட்டுக்கு வரக் கால் வரவில்லை. நடந்ததை முதலில் நீ படி. பிறகு வரலாமா என்று சொல்.

பூர்ணிமாவுக்கு முந்தின நாள் குருநாதர் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். தையல்நாயகி அம்மாள் தன் வீட்டை நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள், மனசு மட்டும் இன்னும் ஊசலாடுகிறது என்றார். நாளைக்கு மேடையில் நான் மௌனம் கலைக்க வேண்டும். கலைக்கும்போது முதல் வார்த்தையாக, என் நாதத்துக்குள் அவள் மகன் குரல் கேட்டது, அம்மாவை இங்கேயே இருக்கச் சொன்னான் என்று சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டவில்லை. அவர் நான் ஆட்டியதாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ராத்திரி முழுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்துக் கிடந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகும் அது சாமிதான் என்று பிடிவாதமாக இருந்தவன் நான். ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், பாக்கியம். அந்தச் சத்தத்துக்குள் யாருடைய குரலும் இல்லை. செத்துப்போன என் அம்மாவின் குரலை நானே அதில் எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன். அதில் இருப்பது தறி மட்டும்தான். இதுவரை நான் சொன்னதெல்லாம் என் காதில் கேட்டதைத்தான். இனிமேல் சொல்லச் சொல்வது கேட்காததை.

காலையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பத்துப் பெரிய வீடு அது. நடுக்கூடம், மாடி, படிக்கட்டு எல்லாம் தலைகள். முன்வரிசையில் நம் தறி செட் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். தையல்நாயகி அம்மாளை மேடைக்கே கூட்டி வந்து என் பக்கத்தில் நிறுத்தினார்கள். குருநாதர் மைக்கை என் வாயருகே நீட்டினார்.

எனக்கு வாய் வரவில்லை. முன்னால் நம் ஆட்கள். ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டதை அவன் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறான் என்று எல்லோர் முகமும் சொன்னது. தெரிந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், என்னைப்போலவே. நான் என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறியாகச் சேர்த்து, விரித்துக் கீழே விட்டேன்.

ராஜவேல் நிமிர்ந்து பார்த்தான்.

குருநாதருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, ஞானியோட கையில தானா முத்திரை விழுது! எல்லாரும் செய்யுங்க!" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அவரே இரண்டு கையையும் தலைக்கு மேலே சேர்த்து விரித்துக் கீழே விட்டார். பேராசிரியர் செய்தார். வெள்ளைக்காரி செய்தாள். சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டு செய்தார். கூடம் முழுக்க எல்லோரும் எங்களைப் பார்த்து, ஷிப்ட் முடிஞ்சது, வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சிரித்தது ராஜவேல்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் நம் ஆட்கள் எல்லோரும். எழுந்தார்கள், வேட்டியைத் தட்டிக் கட்டினார்கள், சங்கு ஊதினால் எப்படிக் கிளம்புவார்களோ அப்படியே வரிசையாக வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. தையல்நாயகி அம்மாளைப் பார்த்துச் சொன்னேன்: "உங்ககிட்ட ஒரு கொறையும் இல்லம்மா. உங்க புள்ள போனதுக்கு நீங்க காரணமில்ல. உங்களுக்கு இது ஏன் கேக்கலன்னா, நீங்க தறி ஓட்டல. அவ்ளோதான். எங்க காது கெட்டுப்போச்சி, அதுதான் கத்துது." உடனே மைக்கை அணைத்துவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் தறி செட்டில் கத்திப் பேசினவனுக்கு மைக் எதற்கு? மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த அம்மாள், "மெய்யாவா?" என்றாள். மெய்தான் என்றேன். மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அங்கே வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதால் பாவம் கரையாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ராஜவேல்தான் தன் வண்டியில் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

நான் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டேன் என்று எண்ணாதே. நாங்கள் கிளம்பிய பிறகு அங்கே பஜனை தொடர்ந்து நடந்ததாம். எங்களுக்கு மாயை பிடித்துவிட்டது என்று குருநாதர் விளக்கம் சொன்னாராம். சக்கரபாணி இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சத்தம் போகவில்லை, பாக்கியம். சாமி என்று நினைத்தவரை அது துணையாக இருந்தது. இப்போது வெறும் சத்தமாகிவிட்டது. நேற்று ராத்திரி மறுபடியும் பயம் வந்தது.

உன்னிடம் கேட்க ஒன்று உண்டு. நீ பேசியதில் இரண்டு வருஷமாக எவ்வளவு எனக்குக் கேட்காமல் போனதோ தெரியாது. ஆனால் இந்தக் கடிதங்களில் நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நான் வீட்டுக்கு வந்த பிறகும் முக்கியமானதை எனக்கு எழுதியே கொடுப்பாயா?

கலியபெருமாள்


சாரம்,
13.7.2006

தீபா அப்பாவுக்கு,

வரலாமா என்று கேட்க வேண்டுமா? உங்கள் வீடு. நாளைக்குச் சாயந்திரமே கிளம்பி வாருங்கள். வெள்ளிக்கிழமை காது டாக்டர் இருக்கும் நாள் இல்லை, திங்கட்கிழமை போகலாம், நானும் வருகிறேன். சத்தத்தை நிறுத்த மருந்து இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்பதற்கு மிஷின் இருக்கிறது என்றார். ராத்திரி அது அதிகமானால் என்னை எழுப்புங்கள். இத்தனை நாள் நீங்கள் தனியாகக் கிடந்து கேட்டது போதும்.

எழுதிக் கொடுக்கிற வேலை மட்டும் என்னால் ஆகாது. சாம்பாருக்கு உப்புப் போதுமா என்பதற்கெல்லாம் தாளைத் தேடிக்கொண்டு திரிய முடியுமா? அதற்குப் பதில் உங்கள் தறி செட்டுச் சைகையை எனக்கும் தீபாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். கல்யாணமானதிலிருந்து உங்கள் ஆட்கள் என் எதிரிலேயே கையைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னவென்று எனக்கும் தெரியட்டும்.

ஒன்றை ராஜவேல் அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். வயிற்றில் இரண்டு தட்டு, அப்புறம் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்ட வேண்டும். சாப்பிட வா என்று அர்த்தமாம். கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். தீபா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

நாளைக்கு ரேஷன் கடை முனை திரும்பும்போது நிமிர்ந்து பாருங்கள். நான் வாசலில் நிற்பேன். கத்திக் கூப்பிட மாட்டேன், கையைத்தான் காட்டுவேன். சண்டைக்காரக் குடும்பம் சமாதானமாகிவிட்டது என்று தெரு நினைத்துக்கொள்ளட்டும்.

பாக்கியம்